ராட்ஹவுஸ் என்றால் நகராட்சி அலுவலகமா? இடைக்கால ஜெர்மன் நகரக் கட்டடப் பெயர்களைத் தமிழாக்குதல்

வட ஜெர்மனியில் உள்ள ஹில்டெஸ்ஹைம் நகரின் சந்தைச் சதுக்கத்தில், மேலே செல்லச் செல்ல மாடிகள் முன்னோக்கிப் பிதுங்கும் உயரமான மரச்சட்டக் கட்டடம் ஒன்று நிற்கிறது. அதன் பெயர் க்னோகன்ஹவ்வர்ஆம்ட்ஸ்ஹவுஸ். அகராதியைத் திறந்து இந்தப் பெயரைத் துண்டு துண்டாகப் பெயர்த்தால் எலும்பு, வெட்டுபவர், அலுவலகம், வீடு என நான்கு சொற்கள் கிடைக்கும். நான்கும் பிழையற்றவை, ஆனால் அவற்றைக் கோத்து 'எலும்பு வெட்டுவோர் அலுவலக வீடு' என்று எழுதினால், அந்தக் கட்டடம் எதற்காக எழுந்தது என்பது வாசகருக்கு விளங்கவே விளங்காது. எலும்பு வெட்டுபவர் என்பது அந்த வட்டாரத்தில் இறைச்சி வணிகரைக் குறித்த சொல். ஆம்ட் என்பது இன்று அரசு அலுவலகத்தைக் குறித்தாலும், அன்று அப்பகுதியில் ஒரே தொழில் செய்வோர் கூடிய அமைப்பின் பெயராக இருந்தது. ஆகவே இது இறைச்சி வணிகர்கள் 1529இல் தமக்கென எழுப்பிக்கொண்ட கூடம்; 1945இல் அழிந்த அதை 1980களில் பழைய வடிவிலேயே மீண்டும் கட்டினார்கள்.

இடைக்கால ஜெர்மன் நகரத்தின் கட்டடப் பெயர்களைத் தமிழுக்குக் கொண்டுவரத் தொடங்குபவர் முதலில் பழக்கிக்கொள்ள வேண்டியது ஒரு கேள்வியைத்தான். 'இந்தச் சொல்லுக்கு இன்று என்ன பொருள்?' என்று கேட்பதற்கு முன்னால், 'இந்தப் பெயரை வைத்த காலத்தில் இந்தச் சுவர்களுக்குள் என்ன நடந்தது?' என்று கேட்க வேண்டும். இவ்விரு கேள்விகளுக்கும் ஒரே விடை கிடைக்கும் இடங்கள் உண்டு; அங்கே வேலை எளிது. விடைகள் வேறுபடும் இடங்களில்தான் மொழிபெயர்ப்பாளருக்கு உண்மையான வேலை இருக்கிறது.

ஜெர்மன் பெயர்களின் நீளத்தைக் கண்டு தமிழர் அஞ்ச வேண்டியதில்லை. அம்மொழியின் கூட்டுச்சொல்லில் தலைமைச் சொல் கடைசியில் நிற்கிறது, அதை விளக்கும் சொல் முன்னால் வருகிறது. நம் தொகைச்சொற்களிலும் அப்படித்தான். தமிழ் இலக்கணம் பயின்றவருக்குப் பொற்குடமும் தயிர்க்குடமும் நினைவிருக்கும். முதலாவது பொன்னால் செய்த குடம், இரண்டாவது தயிரை உடைய குடம். இரண்டிலும் வேற்றுமை உருபும் அதன் பயனும் மறைந்து நிற்கின்றன. ஜெர்மனிலும் ஷ்டைன்ஹவுஸ் என்பது கல்லால் கட்டிய வீடு, கோர்ன்ஹவுஸ் என்பது தானியத்தை உடைய வீடு. மர வீடுகள் நெருங்கி நின்ற நகரத்தில் ஒருவர் கல்வீடு கட்டியது அவருடைய செல்வத்துக்கு அடையாளம். தானிய வீடோ பஞ்சத்துக்கும் முற்றுகைக்கும் அஞ்சி நகரம் செய்துவைத்த முன்னேற்பாடு. பெயரின் வடிவம் ஒன்றாக இருந்தாலும், மறைந்து நிற்கும் உறவை விரித்துப் பார்த்த பிறகே தமிழ்ச் சொல்லைத் தேடத் தொடங்க வேண்டும். இரு சொற்களுக்கு நடுவே சில வேளைகளில் ஒரு 'ஸ்' ஒலி வந்து நிற்கும்: ராட்ஸ்கெல்லர், ஆம்ட்ஸ்ஹவுஸ். அதற்குத் தனிப்பொருள் இல்லை. நம் சாரியை செய்யும் வேலையை அது அங்கே செய்கிறது.

அடுத்து, ஏறத்தாழ எல்லாப் பெயரிலும் வந்து ஒட்டிக்கொள்ளும் 'ஹவுஸ்'. இதை எங்கும் 'வீடு' என்று பெயர்த்துவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து, ஏனெனில் தமிழில் வீடு என்றதும் குடும்பம் வாழும் இடமே மனத்தில் தோன்றும். கூடம், மாளிகை, மனை, கொட்டில், சாலை என நம்மிடம் வகைவகையான சொற்கள் இருக்கின்றன. சாலை என்ற சொல்லை இங்குச் சிறப்பாகக் கவனிக்கலாம். தனித்து நின்றால் அது இன்று தெருவைக் குறிக்கிறது; பாடசாலை, தொழிற்சாலை, பண்டகசாலை ஆகியவற்றில் அதன் பழைய பொருளான கட்டடம் அப்படியே வாழ்கிறது. சென்னையில் நாணயம் அச்சிட்ட தங்கசாலை மறைந்த பின்னும் தெருவின் பெயராக அச்சொல் நிற்கிறது. பயன் போய்ப் பெயர் மட்டும் தங்குவது நமக்குப் பழகிய செய்திதான் என்பதால், ஜெர்மன் நகரங்களில் அதைக் காணும்போது நாம் திகைக்க வேண்டியதில்லை. மியூன்ட்ஸெ என்ற சொல் இன்று நாணயத்தைக் குறிக்கிறது. பழைய நகர வரைபடத்தில் அதே சொல் ஒரு கட்டடத்தின் மேல் எழுதப்பட்டிருந்தால், அது நாணயம் அச்சிட்ட சாலை.

இனி ராட்ஹவுஸ். ராட் என்றால் அவை. ராட்ஹவுஸ் என்றால் அவை கூடும் இடம். இன்றும் ஜெர்மன் நகரங்களில் மேயர் அமர்ந்திருக்கும் கட்டடத்துக்கு இதுவே பெயர் என்பதால், 'நகராட்சி அலுவலகம்' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடத் தோன்றும். இன்றைய கட்டடம் பற்றிய செய்திக்கு அது பொருந்தும்; 15ஆம் நூற்றாண்டுக்குப் பொருந்தாது. அன்றைய அவை எல்லாக் குடிகளும் வாக்களித்து அமைத்த மன்றம் அன்று. நியூர்ன்பெர்க் போன்ற நகரங்களில் ஒரு சில பெருங்குடி வணிகக் குடும்பங்களே அதைத் தலைமுறை தலைமுறையாகத் தம் கையில் வைத்திருந்தன. அதே கட்டடம்தான் வழக்கு மன்றமாகவும், விருந்து மண்டபமாகவும், ஆவணக் காப்பகமாகவும் பயன்பட்டது. நியூர்ன்பெர்க் ராட்ஹவுஸின் அடியில் சிறிய சிறை அறைகள் 12 இருக்கின்றன. அவற்றோடு வாக்குமூலம் பெறுவதற்காக வதைத்த அறையும் இருக்கிறது. பிரேமன் நகரில் 1405க்கும் 1410க்கும் இடையில் கட்டிய ராட்ஹவுஸின் கீழே இருப்பதோ ராட்ஸ்கெல்லர் எனப்படும் திராட்சை மது நிலவறை. நகர அவை தன் மது வணிக உரிமையைப் பயன்படுத்தி விற்பனை செய்த இடம் அது. 1653ஆம் ஆண்டின் மது நிறைந்த மரப்பீப்பாய் ஒன்று இன்றும் அங்கே காக்கப்படுகிறது. இத்தனையையும் தாங்கும் சொல்லாக 'நகரவை மாளிகை' எனக்குப் படுகிறது. அவை என்ற சொல் வழக்குத் தீர்க்கும் இடத்தையும் குறிக்கும், ஆளும் குழுவையும் குறிக்கும். வாக்குச்சீட்டு நினைவை அது உடன் இழுத்து வருவதில்லை.

தொடங்குபவர்கள் மிக அதிகமாகத் தடுக்கி விழும் சொல் ஷ்பிட்டால். ஹோஸ்பிட்டால் என்றும் எழுதுவார்கள். விருந்தினரையும் வழிப்போக்கரையும் ஏற்றுக்கொள்ளும் இடம் என்ற இலத்தீன் வேரிலிருந்து வந்த சொல் இது. என் முதல் வரைவுகளில் நானும் இதை 'மருத்துவமனை' என்றே எழுதினேன். பிறகு இவ்வகைக் கட்டடங்களைப் பற்றி விரிவாகப் படித்தபோதுதான், அந்த ஒரு சொல் எவ்வளவு தவறான காட்சியை வாசகர் மனத்தில் எழுப்பியிருக்கும் என்று உணர்ந்தேன். நியூர்ன்பெர்க்கில் கொன்ராட் கிராஸ் என்ற செல்வர் 1332இல் நிறுவிய ஹைலிக்-கைஸ்ட்-ஷ்பிட்டாலின் ஒரு பகுதி, பெக்னிட்ஸ் ஆற்றின் மேல் வளைவுகள் தாங்க நிற்கிறது. முதியோர், ஏழைகள், தம்மைத் தாமே பார்த்துக்கொள்ள இயலாத நோயாளிகள் ஆகியோருக்கு அங்கே உணவும் படுக்கையும் வழிபாடும் கிடைத்தன. அதன் தேவாலயத்தில் 1424 முதல் 1796 வரை புனித உரோமைப் பேரரசின் மணிமுடியும் மற்ற அரசச் சின்னங்களும் காக்கப்பட்டன. ல்யூபெக்கில் 1286இல் முடிந்த அதே பெயர்கொண்ட இல்லத்தின் நீண்ட கூடத்தில், 19ஆம் நூற்றாண்டில் வரிசை வரிசையாக மரத்தடுப்பு அறைகள் அமைத்தார்கள். ஓர் அறை சுமார் 4 சதுர மீட்டர் மட்டுமே. ஒரு கட்டில், ஒரு மேசை, வாசலில் ஓர் எண் என்ற அளவில் முதியவர்கள் அங்கே 1970 வரையிலும் வாழ்ந்திருக்கிறார்கள். அவர்களை 'உள்நோயாளிகள்' என்று எழுத மனம் வருமா?

நம் சோழர் காலக் கல்வெட்டுகளில் 'ஆதுலர் சாலை' என்ற சொல் வருகிறது. ஆதுலர் என்றால் ஆதரவற்றவர், நோயுற்றவர் என்று இரண்டு பொருளும் உண்டு. ஷ்பிட்டாலுக்கு இவ்வளவு நெருங்கிய சொல்லை நான் வேறெங்கும் காணவில்லை. இன்றைய வாசகர் பலருக்கு அது புதியதாகத் தோன்றும் என்பதால், முதல்முறை வரும் இடத்தில் 'முதியோரையும் ஏழைகளையும் பேணிய ஆதுலர் சாலை' என்று விரித்து எழுதிவிட்டு, அதன் பிறகு சுருக்கமாக ஆளலாம். சத்திரம் என்ற சொல் அருகில் வந்தாலும் அங்கே தங்குபவர் மறுநாள் புறப்பட்டுவிடுவார். ஷ்பிட்டாலில் சேர்ந்தவர்களில் பலர் இறுதிவரை அங்கேயே இருந்தார்கள். ஹைலிக்-கைஸ்ட் என்ற அடைமொழிக்கும் ஒரு முடிவு எடுக்க வேண்டும். கத்தோலிக்கத் தமிழில் அது தூய ஆவியார். சீர்திருத்தச் சபைத் தமிழில் பரிசுத்த ஆவியானவர். இந்த இல்லங்கள் சமயச் சீர்திருத்தத்துக்கு முந்தியவை என்பதால் நான் முன்னதைக் கொள்கிறேன்.

சமய வழக்கில் ஏற்கெனவே இருக்கும் தமிழ்ச் சொல் இன்னோர் இடத்தில் அழகாகக் கைகொடுக்கிறது. ட்ஸேன்ட்ஷாய்னெ என்பதில் ட்ஸேன்ட் என்பது விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு, ஷாய்னெ என்பது களஞ்சியம். திருச்சபைக்கோ நிலத்தலைவருக்கோ உழவர்கள் செலுத்திய அந்தப் பங்கைத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் நெடுங்காலமாகத் 'தசமபாகம்' என்றே சொல்லிவருகிறார்கள். ஆகவே 'தசமபாகக் களஞ்சியம்'. புதிதாக எதையும் படைக்க வேண்டியதில்லை.

இன்றைய பொருள் முற்றிலும் மாறிப்போன பெயர்கள் இன்னும் சில இருக்கின்றன. கவுஃப்ஹவுஸ் என்பது இன்று பல தளங்களில் துணியும் பாத்திரமும் விற்கும் பெரிய அங்காடி. இடைக்காலத்தில் அது, வெளியூர் வணிகர் தம் சரக்கை இறக்கி, எடைபோட்டு, வரி செலுத்தி, அங்கேயே விற்கவும் இருப்பு வைக்கவும் நகரம் கட்டிவைத்த கூடம். கான்ஸ்டன்ஸ் நகரில் ஏரிக்கரையில் 1388இல் எழுந்த கவுஃப்ஹவுஸில்தான் 1417இல் கர்தினால்களும் பல நாட்டினரின் பிரதிநிதிகளும் கூடி ஐந்தாம் மார்ட்டினைத் திருத்தந்தையாகத் தேர்ந்தார்கள். 'பல்பொருள் அங்காடியில் திருத்தந்தை தேர்தல்' என்று எழுதிவிட்டால் வரலாறே சிதைந்துவிடும். 'வணிகர் பண்டகசாலை' என்றால் சேமிப்பும் விற்பனையும் ஒருசேர விளங்கும். ட்ஸாய்க்ஹவுஸில் வரும் ட்ஸாய்க் என்ற சொல் இன்றைய பேச்சில் வெறும் சாமான். அன்று அது போர்க்கருவி. தமிழில் தளவாடம் என்ற சொல் இதே இரட்டைப் பொருளில் வழங்குகிறது, பொதுவான சாமான்களையும் குறிக்கிறது, இராணுவத் தளவாடத்தையும் குறிக்கிறது. ஆகவே 'தளவாடச்சாலை' என்பது மிக இயல்பாகப் பொருந்துகிறது. ரேகன்ஸ்பூர்க்கில் காணும் கெஷ்லெக்டர்டூர்ம் இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானது, ஏனெனில் கெஷ்லெக்ட் என்ற சொல்லை இன்றைய அகராதியில் தேடினால் ஆண்பால், பெண்பால் என்ற பொருள்தான் முதலில் வரும். இங்கே அது குலத்தைக் குறிக்கிறது. வணிகக் குடும்பங்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டுத் தம் வீட்டோடு சேர்த்து எழுப்பிய உயர்ந்த கோபுரங்கள் அவை. 'பெருங்குடியினர் கோபுரம்' என்றால் தெளிவாக இருக்கும்.

லைப்ட்ஸிக் நகரின் கெவான்ட்ஹவுஸ் வேறொரு பாடம் கற்பிக்கிறது. கெவான்ட் என்பது துணி. துணி வணிகர்களின் கூடம் அது. அதன் மேல்தளத்தில் 1781இல் இசையரங்கம் ஒன்றை அமைத்தார்கள், அங்கே வாசித்த இசைக்குழு அந்தப் பெயரையே ஏற்றுக்கொண்டது, பின்னர் வேறு கட்டடங்களுக்குக் குடிபெயர்ந்தபோதும் பெயரைக் கைவிடவில்லை. 1981இல் திறந்த இன்றைய கெவான்ட்ஹவுஸில் ஒருநாளும் துணி விற்கவில்லை. எனவே இசைக்குழுவைப் பற்றி எழுதும்போது ஒலிபெயர்ப்பு மட்டுமே சரி. பழைய கட்டடத்தைப் பற்றி எழுதும்போது 'துணி வணிகர் கூடம்' சரி. ஒரே பெயரை ஒரே கட்டுரைக்குள் இரண்டு விதமாக எழுத நேர்ந்தால் தயங்கக் கூடாது, காரணத்தை ஒரு வரியில் சொல்லிவிட்டால் போதும்.

தேவாலயங்களுக்கு வருவோம். டோம், மியூன்ஸ்டர், கதெட்ராலெ என்ற மூன்று சொற்களையும் 'கதீட்ரல்' என்றே எழுதிச் செல்லும் பழக்கம் பரவலாக இருக்கிறது. இவற்றுள் மூன்றாவது சொல் மட்டுமே ஆயரின் இருக்கை அமைந்த கோயில் என்ற கண்டிப்பான பொருள் உடையது. மியூன்ஸ்டர் என்பது துறவு மடம் என்ற இலத்தீன் சொல்லின் திரிபு. நாளடைவில், மடத்தோடு தொடர்பே இல்லாத பெரிய நகரக் கோயில்களுக்கும் அந்தப் பெயர் வந்தது. ஊல்ம் நகர மக்கள் 1377இல் அடிக்கல் நாட்டி, தம் பணத்தால் எழுப்பத் தொடங்கிய மியூன்ஸ்டரின் கோபுரம் 1890இல்தான் முடிந்தது, உயரம் 161.5 மீட்டர். அவ்வளவு பெரிய கோயிலில் ஒருபோதும் ஆயர் இருக்கை இருந்ததில்லை. ஃபிராங்க்ஃபர்ட்டின் டோமும் அப்படியே. அரசரைத் தேர்ந்த இடம் என்பதால் அதற்குப் பெருமை வந்ததே அன்றி, ஆயரால் வரவில்லை. மாறாக ஃபிரைபூர்க்கில் உள்ள கோயில் 1827 முதல் பேராயரின் கோயிலாக இருந்தும், மக்கள் இன்றும் அதை மியூன்ஸ்டர் என்றுதான் அழைக்கிறார்கள். ஆகவே பெயரின் பகுதியாக டோம், மியூன்ஸ்டர் என்ற ஒலிகளை அப்படியே வைத்து, பொதுச்சொல்லாகப் 'பேராலயம்' என்று சேர்ப்பதே பாதுகாப்பானது. 'ஆயரின் தலைமைக் கோயில்' என்ற தொடரை, உண்மையிலேயே ஆயர் அமர்ந்த இடங்களுக்காக ஒதுக்கிவைக்க வேண்டும்.

பூர்க் என்பது கோட்டை, ஷ்லோஸ் என்பது அரண்மனை என்ற பொது விதி பெரும்பாலும் செல்லும். ஷ்லோஸ் என்ற சொல்லுக்குப் பூட்டு என்ற பொருளும் உண்டு, அடைத்தல் என்ற வினையிலிருந்து பிறந்த சொல் அது. நம் அரண்மனையும் அரணும் மனையும் சேர்ந்த சொல்தானே! காவலும் குடியிருப்பும் ஒரே சொல்லில் உறைந்திருப்பதில் இரு மொழிகளும் ஒத்திருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. டோர் என்பதை வாயில் என்றும், டூர்ம் என்பதைக் கோபுரம் என்றும் எழுதலாம். ல்யூபெக்கின் ஹோல்ஸ்டன்டோர் 1464 முதல் 1478 வரை கட்டப்பட்டது. ஹோல்ஷ்டைன் நாட்டை நோக்கிய வாயில் என்பது பெயரின் பொருள். இரு பருத்த உருளைக் கோபுரங்கள் இருந்தாலும் அதை வாயில் என்றே சொல்ல வேண்டும், ஏனெனில் கோபுரவாயில் என்றால் தமிழ் வாசகர் கோயிலை நினைப்பார். ட்ஸ்விங்கர் என்பது இரு மதில்களுக்கு இடையில், உள்ளே புகுந்த பகைவனை நெருக்கிப் பிடிக்க விட்டுவைத்த வெளி. அதை அப்படியே 'மதிலிடை வெளி' என்று எழுதலாம். டிரெஸ்டன் நகரின் புகழ்பெற்ற ட்ஸ்விங்கர் 18ஆம் நூற்றாண்டின் விழா வளாகம் என்பதால், அங்கே பெயரை மொழிபெயர்க்கக் கூடாது.

ஆங்கிலம் வழியாக மொழிபெயர்ப்பதால் நேரும் இழப்புக்கு ஃபாக்வெர்க் ஓர் எடுத்துக்காட்டு. ஆங்கிலச் சொல்லைப் பின்பற்றி இதைப் 'பாதி மர வீடு' என்று எழுதியவர்கள் உண்டு. ஃபாக் என்றால் தடுப்பறை, கட்டம். தடித்த மரச்சட்டங்களைக் கூடுபோல இணைத்து நிறுத்தி, இடையில் உருவாகும் கட்டங்களைச் சுள்ளிப் பின்னலாலும் வைக்கோல் கலந்த களிமண்ணாலும், சில இடங்களில் செங்கல்லாலும் அடைத்த கட்டுமானம் இது. சுமையை முழுவதும் மரமே தாங்குகிறது. மண்சுவர் வெறும் நிரப்பு. எனவே பாதி என்ற சொல்லுக்கு இங்கே இடமில்லை, 'மரச்சட்டக் கட்டடம்' என்பதே சரி. 1994இல் உலகப் பாரம்பரியத் தகுதி பெற்ற க்வேட்லின்பூர்க் நகரில் இத்தகைய வீடுகள் ஆயிரத்துக்கும் மேல் நிற்கின்றன.

ஒலிபெயர்ப்பிலும் ஆங்கில வாசிப்பைத் தவிர்க்க வேண்டும். ராட்ஹவுஸில் நடுவில் நிற்கும் டி, எச் என்ற இரு எழுத்துகளை ஆங்கிலப் பழக்கத்தில் 'த்' என்று சேர்த்துப் படிப்பது தவறு, அங்கே ஒரு சொல் முடிந்து மற்றொன்று தொடங்குகிறது. ட்ஸாய்க்ஹவுஸைச் 'ஜூக்ஹவுஸ்' என்று எழுதுவதும் அதே வகைப் பிழை.

ஒரே கட்டடம் பல வாழ்வுகள் வாழ்ந்திருந்தால் என்ன செய்வது? நியூர்ன்பெர்க்கில் ஆற்றங்கரையில் நிற்கும் வைன்ஷ்டாடலைப் பாருங்கள். வைன் என்பது திராட்சை மது, ஷ்டாடல் என்பது தென் ஜெர்மன் வழக்கில் களஞ்சியம் அல்லது கிடங்கு. ஆனால் 1446க்கும் 1448க்கும் இடையில் அது எழுந்தது மதுவுக்காக அன்று. புனித வாரத்தில் நகருக்குள் வர இசைவு பெற்ற தொழுநோயாளரைத் தங்கவைப்பதற்காக. மதுக் கிடங்கானது பின்னாளில். இன்று அங்கே மாணவர்கள் தங்குகிறார்கள். இதற்கு நான் எழுதும் குறிப்பு இப்படி இருக்கும்: 'வைன்ஷ்டாடல் எனும் மதுக்கிடங்கு: 15ஆம் நூற்றாண்டின் நடுவில் தொழுநோயாளர் தங்கும் மனையாகக் கட்டப்பட்டு, பிற்காலத்தில் மது சேமிக்கும் இடமாகிய பெரிய மரச்சட்டக் கட்டடம்; இப்போது மாணவர் விடுதி.'